நிலவியலாளர்களுக்கு விருது ஆராய்ச்சிக்கு மட்டும்தானா?

கடலூரில் நிலவியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கு மட்டும் இல்லை தம்பி. நம் நாட்டில் சுரங்க அமைச்சகம் தரும் தேசியப் புவி அறிவியல் விருது 1966-இல் தொடங்கியது. 2009 வரை தேசியக் கனிம விருது என்று பெயர். கனிமம் தேடிக் கண்டுபிடிப்பவர்களுக்கும் உண்டு, வாழ்நாள் பணிக்கும் உண்டு, இளைஞர்களுக்குத் தனியாகவும் உண்டு. அமெரிக்க நிலவியல் சங்கம் ஆராய்ச்சிக்குப் பென்ரோஸ் பதக்கமும், சங்கப் பணிக்கு வேறொரு விருதும் தருகிறது.

கற்பித்தலுக்குத்தான் இங்கே போதிய மதிப்பு இல்லை என்பது என் ஆதங்கம். விழுப்புரம் மாவட்டத்தில் கல்மரப் பூங்கா இருக்கும் திருவக்கரைக்கு மாணவர்களை அழைத்துப்போய், கல்லான மரத்தில் லென்ஸை வைத்து நார் ஓடுவதைக் காட்டும் ஆசிரியர்தான் அடுத்த தலைமுறை நிலவியலாளர்களை உருவாக்குகிறார். கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் செம்மணற்கல்லைத் தொட்டுப் பார்க்க வைப்பவரும் அப்படித்தான். அப்படி ஒருவர் உங்கள் கல்லூரியில் இருந்தால், பழைய மாணவர்கள் சேர்ந்து அவர் பெயரை விருதுக்குப் பரிந்துரைக்க முயலுங்கள்.