காணிக்கையும் கண் ஆபரேஷனும்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

என் கணவர் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) போக, ஒரு ஊழியத்துக்கு மாதாமாதம் பங்காளர் காணிக்கையும் அனுப்புகிறார். கொடுத்தது நூறு மடங்காகத் திரும்பும் என்று அங்கே சொல்கிறார்களாம். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். மகளின் பள்ளிக் கட்டணமும் பாக்கி. கேட்டால், "நீ உலகத்தாள் மாதிரி பேசுகிறாய், நான் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கிறேன்" என்கிறார். இதற்கெல்லாம் கவலைப்படுவது அவிசுவாசமா? நித்தியத்தைவிட உலகத்தைப் பெரிதாக நினைக்கிறேனா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

வயதானவருக்குக் கண் தெரியவில்லையே என்று தவிப்பது அவிசுவாசம் இல்லை. கவலைப்படாதிருங்கள் என்று சொன்ன அதே இடத்தில்தான், இவையெல்லாம் உங்களுக்கு வேண்டியவை என்று பரமபிதா அறிந்திருக்கிறார் என்றும் ஆண்டவர் சொன்னார். உங்கள் வீட்டுத் தேவை அவருக்குத் தெரியும். அதை அவர் அற்பமாக நினைக்கவும் இல்லை.

பரலோகப் பொக்கிஷம் உலகத்தின் எந்தச் செல்வத்தையும்விட மேலானது என்பதில் எனக்கும் உங்கள் கணவருக்கும் வேறுபாடு கிடையாது. அது எந்த வழியாகச் சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. லூக்கா 12:33ஐ எடுத்துப் பாருங்கள். உள்ளதை விற்றுப் பிச்சை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் இயேசு பரலோகப் பொக்கிஷத்தைப் பற்றிப் பேசுகிறார். இல்லாதவர் கையில் கொடுத்ததுதான் அங்கே சேர்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கை மாமியாருடையது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் உங்கள் வீட்டு வழக்கே இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, "இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ அன்றைக்கும் வழி வைத்திருந்தார்கள். ஆலயத்துக்குத்தானே போகிறது என்று இயேசு அதை விட்டுவிடவில்லை. தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்த வரிசையில் வருவதுதான். இவ்வளவு கடுமையான வார்த்தையைப் பவுல் எளிதில் எடுக்கிறவர் இல்லை.

நூறு மடங்கு என்ற வாக்குத்தத்தம் மாற்கு 10:30இல் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த வசனத்துக்குள்ளேயே 'துன்பங்களோடேகூட' என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் மேடையில் வாசிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஏழை வீட்டின் மருந்துப் பணம் அந்த விடுபட்ட சொல் வழியாகத்தான் போகிறது.

தேவசகாயம் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரன். என்றாலும் அவரை எங்களுக்கு அந்நியராக நினைக்க முடியவில்லை. நட்டாலத்தில் 1712இல் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் மார்த்தாண்ட வர்மாவின்கீழ் அதிகாரியாக இருந்தவர். மாடுகள் சாகவும் பயிர் பொய்க்கவும் மனம் உடைந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டு அரசனிடமே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். ஆடு மாடும் பிள்ளைகளும் போன பிறகும் தேவனை விடாத மனிதனின் கதை. அதைக் கேட்டு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? பதவி போனது. 1749இல் சிறை. எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். இன்றைய மேடைக் கணக்குப்படி பார்த்தால் அவர் விசுவாசம் பலிக்கவே இல்லை. அவரோ தேவனையே பலனாகப் பெற்றுக்கொண்டவர். அதனால்தான் அரசனிடம் பேரம் பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அவர் இழந்தது தம் பதவியை, தம் உயிரை. அம்மாவின் கண்ணைப் பணயம் வைத்து யாரும் சாட்சியாவதில்லை.

கொடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அதைச் சொல்கிறேன், பயத்தில் கையை முழுக்க மூடிவிடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அது கொடுக்கிற தாயின் பங்கிலிருந்து குறையும். மூட்டையாகத் திரும்பி வரும் என்று எந்தத் தாயும் கணக்குப் போட்டதில்லை. அந்த வழக்கத்தை உங்கள் வீட்டிலும் தொடங்கலாம்.

கணவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் மனம் கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை, தேவனுக்குக் கொடுக்க ஆசைப்படுகிற மனுஷன். குடும்ப ஜெபத்தில் மாற்கு 7ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், பதின்மூன்றாம் வசனம்வரை. மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஆபரேஷனை இனியும் தள்ளாதீர்கள். புரையை முற்றவிட்டால் சிகிச்சை சிக்கலாகும். கையில் பணம் இல்லையென்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு இருக்கிறது, அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். அடுத்த மாதக் காணிக்கைப் பணத்தை அம்மாவின் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் எடுத்துவையுங்கள். அதுவும் கர்த்தருக்குக் கொடுத்ததுதான் என்று நான் சொன்னதாகவே உங்கள் கணவரிடம் சொல்லலாம். அவர் என்னோடு பேச விரும்பினால் எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்