துணை நிற்கலாம், துணை போகக் கூடாது

கேள்வி: இஸ்ரேல் – ஈரான் சண்டையில் அமெரிக்கா இறங்கியது தவறு என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நட்பு நாடு அடி வாங்கும்போது வல்லரசு கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டுமா? நாளை சீனா நம்மீது பாய்ந்தால் நமக்கும் யாரும் வரக் கூடாது என்பீர்களா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. அடி வாங்கும் நண்பனைக் காப்பாற்றுவது ஒன்று. அடிக்கக் கிளம்பும் நண்பனோடு தானும் கிளம்புவது இன்னொன்று. நீங்கள் இரண்டையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கிறீர்கள். நாம் பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

2024 ஏப்ரலில் ஈரான் 300-க்கும் மேற்பட்ட ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் இஸ்ரேல்மீது ஏவியது. அமெரிக்க விமானங்களும் கப்பல்களும் அவற்றில் பலவற்றை நடுவழியிலேயே வீழ்த்தின. அதை நாம் குறை சொன்னதில்லை. வந்து விழப்போகும் ஏவுகணையைத் தடுப்பதில் என்ன குறை இருக்கிறது?

2025 ஜூனில் நடந்தது அதுவல்ல. 13-ஆம் தேதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 15-ஆம் தேதி மஸ்கட்டில் அமெரிக்காவும் ஈரானும் ஆறாவது சுற்றாக அணுசக்தி விவகாரம் பேசுவதாக இருந்தது, அது நின்றுபோனது. 22-ஆம் தேதி அமெரிக்கா தானே ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று அணுசக்தி நிலையங்களையும் தாக்கியது. ஈரான்மேல் குற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 60 சதவீதம் வரை யுரேனியத்தைச் செறிவூட்டி வைத்திருந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு ஜூன் 12-ஆம் தேதி ஈரானுக்கு எதிராகத் தீர்மானமே போட்டது. ஆனால் அந்தச் செறிவூட்டலை 3.67 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருந்த 2015 அணுசக்தி ஒப்பந்தத்தை விட்டு, 2018 மே மாதம் முதலில் வெளியேறியது யார்? அமெரிக்காதான். பேச உட்கார வேண்டியவரே குண்டு போடப் போனார். இதைத்தான் தவறு என்றோம். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறோம்.

தக்கலையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதர் இந்த மண்ணுக்கு எதற்காக வந்தார்? நீங்கள் கேட்கும் இதே காரியத்துக்காகத்தான்: ஒரு வல்லரசு தன் நட்பு அரசுக்குத் துணை போனது, அந்தப் படையோடு வந்தார்.

கொட்டாரக்கரையை ஆண்ட இளயடத்து ஸ்வரூபத்தின் ராணிக்கும் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் தகராறு. மிளகு வாங்க வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ராணியின் பக்கம் நின்றது. இலங்கையில் அதன் ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் 1741-ல் ராணியைத் திரும்ப அரியணையில் அமர்த்தினார். ராணிமேல் வந்த இரக்கம் அல்ல அது. மலையாளக் கரையில் சிறிய அரசுகள் பலவாக இருந்தால் ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு மிளகை மலிவாக வாங்கலாம். எல்லாம் ஒரே அரசன் கைக்குப் போனால் அவர் சொல்வதுதான் விலை. மார்த்தாண்ட வர்மா சும்மா இருப்பாரா? கொட்டாரக்கரைப் படையைத் தோற்கடித்தார். ராணி கொச்சிக்குப் போய் டச்சுக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். உடனே கம்பெனி இலங்கையிலிருந்து கப்பலில் படையைக் கொண்டுவந்து குளச்சலில் இறக்கியது. குளச்சலுக்கும் கோட்டாறுக்கும் இடைப்பட்ட ஊர்கள் அந்தப் படையின் கையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொட்டாரக்கரை அரியணையில் யார் உட்கார்ந்தால் இந்தக் கரையில் வலை வீசியவனுக்கு என்ன? அவன் வீடுதான் எரிந்தது.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவர், ஆனார். குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதுவரை தெரியும். அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக் கம்பெனி திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் போட்டது. மார்த்தாண்ட வர்மா எந்த மலையாள அரசர்மேல் படையெடுத்தாலும் கம்பெனி தலையிடாது. அந்த அரசர்களோடு செய்த உடன்பாடுகளை எல்லாம் விட்டுவிடும். அதோடு, மிளகுக்கு ஈடாக ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதமும் விற்கும். யாரைக் காக்கிறோம் என்று கடல் தாண்டி வந்தார்களோ, அவர்களை விழுங்கும் அரசருக்கே துப்பாக்கி விற்கச் சம்மதித்தார்கள். வல்லரசின் துணையை நம்பிச் சண்டையை வளர்க்கும் எந்தச் சின்ன நாடும் இந்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

சரி, சீனா கேள்விக்கு வருவோம். 1962 அக்டோபரில் அது நடந்தே விட்டது. நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதினார். நமக்கும் அமெரிக்காவுக்கும் ராணுவக் கூட்டணி எதுவும் இல்லை. இருந்தும் ஆயுதங்கள் விமானத்தில் வந்து இறங்கின. தாக்கப்பட்ட நாட்டுக்குச் செய்த உதவி அது. அதை நன்றியோடுதான் நினைக்கிறோம். நாளைக்கு அப்படி ஒரு நிலை வந்தாலும் கேட்போம், கேட்க வேண்டும்.

ஆனால் 1971-ஐயும் பாருங்கள். பாகிஸ்தான் அமெரிக்காவின் ஒப்பந்தக் கூட்டாளி. மார்ச் 25 இரவு அதன் ராணுவம் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் சொந்த மக்களையே சுட ஆரம்பித்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட், தன் அரசு வாய்மூடி இருப்பதைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார். அவரை அங்கிருந்து மாற்றினார்கள். அமெரிக்கா சீனாவோடு ரகசியமாகப் பேசப் பாகிஸ்தான் அதிபர் யாகியா கான் வழியாக இருந்தார், அதனால் அமெரிக்க அதிபர் நிக்சன் அவரைக் கைவிடவில்லை. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தார்கள். டிசம்பரில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது, நம்மை மிரட்ட. நண்பனுக்குத் துணை நிற்பது ஒன்றே நியாயம் என்றால், நிக்சன் செய்ததும் நியாயம் என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்வீர்களா? நாம் மாட்டோம். அன்றைக்குச் சோவியத் யூனியன் நம் பக்கம் நின்றது சரி என்றும் சொல்வோம். நட்பு இரண்டு பக்கமும் இருந்தது. கூட்டாளி என்ன செய்துகொண்டிருந்தான் என்பதில்தான் வித்தியாசம்.

உதவி செய்கிறவனுக்கு நிறுத்தச் சொல்லும் பொறுப்பும் உண்டு. அமெரிக்காவால் அது முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தைத் தாக்கியபோது, மூன்றும் நட்பு நாடுகள் என்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பார்க்கவில்லை, பின்வாங்க வைத்தார். 1982 ஆகஸ்ட் 12-ஆம் தேதி பெய்ரூட்மீது இஸ்ரேல் குண்டுமழை பொழிந்தபோது அமெரிக்க அதிபர் ரீகன் இஸ்ரேல் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்துக் கடுமையாகப் பேசினார். அன்றைக்கே குண்டுவீச்சு நின்றது. 2016-ல் போட்ட உடன்பாட்டின்படி 10 ஆண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி தரும் நாட்டுக்கு இன்னொரு தொலைபேசி அழைப்பு பெரிய காரியமா?

நமக்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்பீர்கள். இனயம், தூத்தூர், கடியபட்டணம், மணக்குடி என்று எந்தக் கடற்கரை ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். வீட்டில் ஒருவராவது வளைகுடாவில் படகில் வேலை பார்ப்பவர். ஈரான் கரையிலும் நம் ஆட்கள் உண்டு. 2025 ஜூனில் சண்டை நடந்த பன்னிரண்டு நாளும் அவர்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஜூன் 23-ஆம் தேதி கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியது. கத்தாரும் குவைத்தும் பஹ்ரைனும் வான்வெளியை மூடின. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். வாஷிங்டனில் எடுத்த முடிவில் இவர்களை நினைத்தவர் எவரும் இல்லை.

அதனால் நாம் கேட்பது இரண்டு. இந்தியா தன் நண்பர்கள் எல்லோரிடமும், அமெரிக்காவிடமும் இஸ்ரேலிடமும் ஈரானிடமும், போரை நிறுத்தச் சொல்லும் குரலை வெளிப்படையாக எழுப்ப வேண்டும். அடுத்து, வளைகுடாவிலும் ஈரானிலும் எந்தத் துறைமுகத்தில் நம் மீனவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மீன்வளத் துறையும் அயலகத் தமிழர் நலத் துறையும் இப்போதே எடுத்து வைக்க வேண்டும். கடற்கரைக் கத்தோலிக்கக் கோயில்களின் பங்குப் பேரவைகளிடம் கேட்டால் வீடு வாரியாகச் சொல்வார்கள். உங்கள் வீட்டிலோ உறவிலோ அங்கே யாராவது இருந்தால், பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் முதலில் பங்குப் பேரவையில் கொடுத்து வையுங்கள்.