ஜாக்சன் துரையும் 1080 பகோடாவும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்திக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினேன். வகுப்பே கைதட்டியது. தேர்வில் பாதிப் பேர் சினிமா வசனத்தையே விடையாக எழுதிவிட்டார்கள். என்ன செய்ய? (ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: கைதட்டல் எழுந்த இடத்திலேயே பாடம் நின்றுவிட்டது. சிவாஜியின் குரல் கேட்கும்போது கண் வேறெதையும் பார்க்காது. எனவே முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், உடை என்ன என்று எழுதட்டும். இரண்டாம் தடவை வசனத்தோடு. ஐந்து நிமிடத் துண்டு போதும். மீதி அரை மணி நேரம் பாடநூலுக்கு.

1798-ல் கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கும்பெனிக்குக் கட்ட வேண்டிய வரி நிலுவை 3310 பகோடா (அந்தக் காலத்துப் பொன் நாணயம்). செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஜாக்சன் கணக்கைப் பார்த்தபோது பாக்கி வெறும் 1080. அதாவது பெரும்பகுதியைக் கட்டபொம்மன் கட்டியிருந்தார்! “வயலுக்கு வந்தாயா” என்று கேட்டவர் வரியும் கட்டியவரா? இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பிள்ளைகளே சண்டையை ஆரம்பிப்பார்கள்.

பிறகு நோட்டில் மூன்று கட்டம்: படத்தில், புத்தகத்தில், ஏன் இந்த வித்தியாசம். மூன்றாவதை விட்டால் ‘படம் பொய்’ என்று முடித்துவிடுவார்கள். படம் வந்தது 1959-ல், சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டே ஆண்டுகளில். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-ஐவிட 1959-க்கு அது நல்ல சாட்சி. தேர்வுக்கு ஒரே விதி: விடையில் புத்தகத்துத் தேதியோ தொகையோ ஒன்றாவது இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

கேள்வி: கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தது எட்டப்பன்தானே? (வாசகர், மதுரை)

பதில்: எட்டப்பனின் எட்டயபுரம் பாளையம் கும்பெனிப் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைப் பக்கத்துக் காட்டில். பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான். ஒரு பெயர் வசவாகிவிட, இன்னொரு பெயர் மறைந்துபோனது. ஒன்று மட்டும்: இந்தப் பாடம் முடிந்த வாரம் வகுப்பில் யாரோ ஒரு பையனுக்கு ‘எட்டப்பன்’ பட்டம் விழும். முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘கப்பலோட்டிய தமிழன்’ முழுவதையும் காட்டலாமா? (ஆசிரியர், திருச்சி)

பதில்: வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்; நாலைந்து பீரியட் போய்விடும், இரண்டாம் நாளே பாதி வகுப்பு தூங்கும். வழக்கிலிருந்து சிறை வரை மட்டும் எடுங்கள். அதையும் முன்கூட்டியே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் ஓட்டினால் தீர்ப்பு வாசிக்கும்போதுதான் விளம்பரம் வரும். 1908 ஜூலையில் விதித்த தண்டனை 40 ஆண்டு, வ.உ.சி. வெளியே வந்தது 1912 டிசம்பரில். இடையில் குறைந்தது எப்படி என்பதை மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சென்னைச் சுற்றுலாப் பட்டியலில் அதையும் சேர்த்துவிடுங்கள்.