வெள்ளெழுத்தும் புரோகிரசிவ் லென்ஸும்: கண்ணாடிக் கடையில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 51. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பகல் முழுவதும் கணினியும் பேரேடும்தான். தூரத்திற்கு மைனஸ் 1.25 கண்ணாடியைப் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். இப்போது படிப்பதற்கு 1.75 கூடுதல் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலூரில் ஒரு கடையில் புரோகிரசிவ் லென்ஸை மூன்று விலைகளில் காட்டி, விலை ஏற ஏறப் பார்வைப் பரப்பும் அகலும் என்றார்கள். இரவில் வண்டி ஓட்டுகிறேன்; கார்த்திகையில் சோளிங்கர் பெரிய மலைக்கும் ஏறுவேன். சென்ற ஆண்டு முதல் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். எதை வாங்கலாம்?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முதலில் சர்க்கரையைக் கவனியுங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் கண்ணின் உள்லென்ஸில் நீரின் அளவு மாறுவதால் பவரும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் எடுத்த அளவுக்கு விலையுயர்ந்த கண்ணாடி செய்தால், சில வாரங்களில் அது பொருந்தாமல் போகலாம். சர்க்கரை சில வாரங்கள் கட்டுக்குள் நின்ற பிறகு பவரை மறுபடி பார்த்துக்கொண்டு, அதே வருகையில் விழித்திரைப் பரிசோதனையையும் முடித்துக்கொள்வது நல்லது.

இனி விலை. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. புரோகிரசிவ் லென்ஸின் மேற்பகுதியில் தூரப் பவரும் கீழ்ப்பகுதியில் படிக்கும் பவரும் இருக்க, இரண்டுக்கும் நடுவே பவர் சிறிது சிறிதாகக் கூடும் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் இருபுறமும் உருவம் மங்கி வளைந்து தெரிவதைத் தவிர்க்க வழியே இல்லை. பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய வாரிலக்ஸ் லென்ஸ் 1959-இல் விற்பனைக்கு வந்தது முதல் இன்றுவரை வந்த வடிவமைப்புகள் அனைத்தும் அந்த மங்கலைக் குறைத்தும் ஒதுக்கியும் வைத்திருக்கின்றனவே தவிர, எதுவும் அதை ஒழித்துவிடவில்லை. படிக்கும் பவர் கூடக் கூட மங்கலும் கூடும், உங்களுடைய 1.75 நடுத்தரமானது. ஆகவே நடுவிலை லென்ஸே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

மிச்சமாகும் அக்கறையை ஃபிரேமிலும் அளவெடுப்பதிலும் செலுத்துங்கள், ஏனெனில் புரோகிரசிவ் ஒத்துவரவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை லென்ஸில் இருப்பதில்லை, அளவில்தான் இருக்கிறது. உயரம் குறைந்த, பட்டையான ஃபிரேம் வேண்டாம். நேராகப் பார்க்கும்போது கண்பாவையின் நடுவிலிருந்து ஃபிரேமின் கீழ் விளிம்புவரை 18 மில்லிமீட்டராவது இருந்தால்தான் படிக்கும் பகுதி முழுமையாகக் கிடைக்கும். ஃபிரேமை மூக்கிலும் காதிலும் சரியாக உட்கார வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். எடுப்பவர் உங்கள் கண் மட்டத்திற்கு எதிரே அமர்ந்து, ஃபிரேமில் உள்ள மாதிரிக் கண்ணாடியின் மேல் ஒவ்வொரு கண்பாவைக்கும் நேராக மார்க்கரால் புள்ளி வைப்பார். மூக்கின் நடுவிலிருந்து இரு கண்களின் தூரத்தையும் தனித்தனியே குறிப்பார். இரண்டுக்கும் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பது சகஜம். ஸ்கேலை வைத்து மொத்தத் தூரத்தை அளந்து சரிபாதியாக்கிக் கொள்ளும் கடையில் புரோகிரசிவ் செய்யாதீர்கள்.

கண்ணாடி கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். காதுப் பக்கக் குறியின் கீழே படிக்கும் பவரைச் சொல்லும் எண் இருக்கும். சீட்டில் உள்ள பவரோடு அதை ஒப்பிட்டுக் காட்டும்படி கடையில் கேட்கலாம், கேட்பதில் தவறொன்றும் இல்லை.

உங்கள் அலுவலகத் தேவை வேறு. கணினித் திரையின் தூரத்திற்கு உதவுவது அந்தக் குறுகிய நடுப்பாதைதான். எட்டு மணி நேரம் அதன் வழியே பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருந்தால் பிடரி வலிக்கும். மைனஸ் 1.25 உள்ள உங்களுக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே சுமார் 80 சென்டிமீட்டர் தூரம் தெளிவாகத் தெரியும் என்பதால், திரையைச் சற்றே தள்ளி வைத்து வெறுங்கண்ணால் வேலை செய்து பாருங்கள். பேரேட்டுக்கும் திரைக்கும் மாறி மாறிப் பார்ப்பது சிரமமானால், அவ்விரண்டு தூரங்களுக்கு மட்டும் வரும் அலுவலக லென்ஸை மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளியில் நடமாட மட்டும் புரோகிரசிவ்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் எதிர்வரும் விளக்குகளைச் சமாளிக்க, பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு அவசியம். நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அது கணினியால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

சோளிங்கரில் 1,305 படிகள். ஏறுவதில் தொல்லை குறைவு. இறங்கும்போது பார்வை படிக்கும் பகுதி வழியாகப் போவதால் படியின் விளிம்பு மங்கும். மலைக்கு உங்கள் பழைய தூரக் கண்ணாடியையே போட்டுச் செல்லுங்கள். புதியதற்குப் பழக ஓரிரு வாரம் ஆகலாம். அதற்குள் பழையதை மாற்றி மாற்றி அணிந்தால் பழக்கம் தாமதப்படும் என்பதால், கார்த்திகைக்கு முன்பே வாங்கிப் பழகிவிடுவது உத்தமம்.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. இருபது ஆண்டுகளாகப் பைஃபோகல் (மேலே தூரத்திற்கும் கீழே படிப்பதற்கும் கோடு பிரித்த கண்ணாடி) அணிகிறார். அண்மையில் கண்ணாடியில்லாமலே நாளிதழ் படிக்கிறார், ஆனால் தெருவில் எதிரே வருபவர் யாரென்று தெரியவில்லை என்கிறார். புரோகிரசிவ் வாங்கித் தரலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: இப்போது எதையும் வாங்காதீர்கள். கிட்டத்தில் திடீரென்று நன்றாகத் தெரிவது கண் தேறியதற்கு அடையாளம் அல்ல. கண்புரை வளர்ந்து உள்லென்ஸின் மையம் கெட்டிப்படும்போது பவர் மைனஸ் பக்கம் நகர்வதால் பலருக்கு இப்படி ஆகும். வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனையிலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ காட்டுங்கள். அறுவை செய்ய நேர்ந்தால் பவர் அடியோடு மாறிவிடும். அதன் பிறகு ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் கழித்து எடுக்கும் அளவுக்கே கண்ணாடி செய்ய வேண்டும். அப்போதும் அவர் பைஃபோகலே போதும் என்றால், விட்டுவிடுங்கள்.