‘எக்ஸ்க்ளெய்ம்’ என்றால் கத்துவதா?

கேள்வி: அகராதியில் ‘எக்ஸ்க்ளெய்ம்’ என்ற சொல்லுக்குக் ‘கத்து, கூவு’ என்று பொருள் இருக்கிறது. ‘என்னைப் பார்த்துக் கத்தாதே’ என்பதை ‘டோன்ட் எக்ஸ்க்ளெய்ம் அட் மீ’ என்று மகள் எழுத, ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். என்ன தவறு? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: சுழித்தது சரிதான். அங்கே வர வேண்டியது ‘ஷவுட்’. ஷவுட்டுக்குச் சத்தம்தான் உயிர். எக்ஸ்க்ளெய்முக்கோ, பொங்கிய உணர்ச்சி சட்டென்று சொல்லாக வெளியே வர வேண்டும். புடவை விலையைக் கேட்டு ‘அடேயப்பா!’ என்கிறோமே, அதுதான். சொல்லே இல்லாமல் வீல் என்று அலறினால் ‘ஸ்க்ரீம்’. ‘அட்’ சேரவே சேராது என்றும் இல்லை. வியக்க வைத்த பொருளோடு சேரும்: ‘ஷி எக்ஸ்க்ளெய்ம்டு அட் தி பிரைஸ்’. திட்டு வாங்குகிற ஆளோடு சேராது.

வேர் லத்தீன். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கிளாமாரே’ என்றால் உரக்கக் கூப்பிடுதல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ப்ரொக்ளெய்ம்’, ‘கிளாமர்’ (கூச்சல் என்ற பொருளில்) எல்லாம் உடன்பிறப்புகள். இன்று இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும் ‘க்ளெய்ம்’கூட அந்த வீட்டுப் பிள்ளைதான்.

‘எக்ஸ்க்ளமேஷன்’ என்று எழுதும்போது வேண்டாத ஆங்கில எழுத்து ‘ஐ’ நுழைந்து எழுத்துப்பிழை நேர்வதும் இந்த வேரால்தான். வினைச்சொல்லில் ‘ஏ’க்குப் பின் ‘ஐ’ வருவது ‘க்ளெய்ம்’ என்ற சொல்லைப் பார்த்து அமைந்தது. ‘எக்ஸ்க்ளமேஷன்’ என்ற பெயர்ச்சொல் லத்தீன் வடிவை ஒட்டியது. அதில் அந்த ‘ஐ’ கிடையாது. ப்ரொக்ளமேஷனுக்கும் இதே கதை. உச்சரிப்பில் வினைச்சொல் ‘இக்ஸ்’ என்று தொடங்கி, ‘க்ளெய்ம்’ என்பதில் அழுத்தம் விழும்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அயற்கூற்றில். ‘வாட் எ பியூட்டிஃபுல் ஃப்ளவர் இட் இஸ்!’ என்று அவள் சொன்னதை மாற்றும்போது, ‘தட்’ போட்ட பிறகும் ‘வாட்’டை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். ‘வாட்’ போய் ‘வெரி’ வர வேண்டும், வினை இறந்தகாலத்துக்குப் போக வேண்டும்: ‘ஷி எக்ஸ்க்ளெய்ம்டு தட் இட் வாஸ் எ வெரி பியூட்டிஃபுல் ஃப்ளவர்’. கடைசியில் ஆச்சரியக்குறி கூடாது, முற்றுப்புள்ளிதான். ‘ஹுர்ரே’ இருந்தால் அதை எடுத்துவிட்டு ‘வித் ஜாய்’. ‘அலாஸ்’ இருந்தால் ‘வித் சாரோ’.

தமிழில் பெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் ‘வியந்து கூவினாள்’ என்று எழுத வேண்டாம், நாடக வசனம் மாதிரி இருக்கும். ‘“அடடே!” என்றாள்’ போதும்.