ஏற்காட்டில் 30 லட்சத்துக்குள் கவர்ச்சிப் பேய்ப் படம் எடுத்தால் போட்ட காசு வருமா?

பங்களா கிடைத்துவிட்டது, கதை இனிமேல்தான் என்ற நிலையில் கேட்கிறீர்கள் போல. கதைக்கு முன்னால் சான்றிதழை முடிவு பண்ணுங்கள். ‘ஏ’ படத்தை டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி தணிக்கைக்குப் போய் ‘யுஏ’ வாங்கினால்தான் சாட்டிலைட் பேச்சே. எடிட்டிங்கில் பார்த்துக்கலாம் என்பார்கள்; நம்பாதீர்கள். பாட்டு நடுவில் ஓட்டை விழும், 5.1 மிக்ஸிங்கை (தியேட்டர் ஒலிக்கலவை) திரும்பத் தொடணும். கவர்ச்சி ஷாட், கத்திக்குத்து எதுவானாலும் அதே லைட்டிங்கில் அடக்கமான டேக் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

மூடுபனி இலவசம், ஆனால் கன்டினியூட்டிக்கு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் ஒரே மாதிரி இருப்பதற்கு, எமன். இறங்கும்போது வைடு ஷாட்டை அள்ளிக்கொண்டு, குளோஸப்பைப் பிறகு ஸ்மோக் மெஷினில் எடுங்கள். காற்றில் புகை நிற்காது; பின்னால் சுவரோ சில்வர் ஓக் மரக்கூட்டமோ இருக்கட்டும். லைட் பின்னாலிருந்து வரணும், முன்னாலிருந்து அடித்தால் முகமே தெரியாது. குளிரிலிருந்து ஆள் நிறைந்த அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸ் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள்.

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு, காய்ச்சிய சோள மாவு, சிவப்பு ஃபுட் கலர், கொஞ்சம் கோகோ பவுடர். கோகோ இல்லையென்றால் ரோஸ் மில்க் மாதிரி தெரியும். ராத்திரிக் குளிரில் பாகு இறுகும், வெந்நீரில் இளக்கணும். எறும்பு மொய்க்கும். வெள்ளைப் புடவை ஒரே மாதிரி நாலாவது வேணும். மலையில் துவைத்தால் காயாது.

ஆபாசத்துக்கு வழி சொல்கிறான் என்று வருகிறவர்களுக்கு: ‘ஏ’ என்பது சட்டமே கொடுத்த வகை. சான்றிதழ் வாங்கிய பிறகு பிட்டு (தணிக்கைக்குக் காட்டாத ஆபாசத் துண்டு) ஒட்டுவதுதான் குற்றம். 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சேலம் விநியோக ஏரியாவை எம்.ஜி. (மினிமம் கேரண்டி, முன்கூட்டியே தரும் உத்தரவாதத் தொகை) கொடுத்து வாங்க ஆள் வருவது அபூர்வம். கமிஷனுக்குத்தான் எடுப்பார்கள், போஸ்டர், ஒட்டுக்கூலி, புரொஜெக்‌ஷன் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். தியேட்டரில் போடும் டிரெய்லருக்குத் தனித் தணிக்கை. படத்தில் இல்லாத கோலத்தில் நடிகை முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிப் போஸ்டர் அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அசிங்கம் அவருக்கு, வசூல் இவர்களுக்கு. டிசைனுக்கு நடிகையின் கையெழுத்து வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இன்னொரு வயிற்றெரிச்சல். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய சேலம் பட ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு ஏற்காடு ரோட்டிலேயே நிற்கிறது. செல்ஃபிக்கு மட்டும் குறைவில்லை. கேமரா, லைட்டு பெரும்பாலும் சென்னையிலிருந்துதான் வரணும். வண்டி கிளம்பியதிலிருந்து யூனிட்டுக்குப் பேட்டா ஓடும், போக ஒரு நாள், வர ஒரு நாள். பட்ஜெட்டில் அதை முதல் வரியில் எழுதுங்கள்.