உமி பிடித்த விஷம் எங்கே போகும்? – கேள்வி பதில்

யாங்கோனில் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, எனக்கு லைங் தாயாவில் சின்ன முலாம் பட்டறை. கழிவுத் தண்ணீரில் நெல் உமியைப் போட்டால் செம்பும் ஈயமும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

தண்ணீரை விட்டுப் போகும் தம்பி, ஆனால் உமியில் போய் உட்காரும். உமியின் மேல்பரப்பில் உள்ள அமிலக் குழுக்கள் உலோகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உயிரில்லாத பொருள் என்பதால் பாக்டீரியாவுக்குப் போலத் தீனி போட வேண்டாம், விஷத்தில் சாகவும் சாகாது.

பச்சை உமியை அப்படியே கொட்டாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். டீத் தண்ணீர் மாதிரி பழுப்புச் சாயம் இறங்கி, இருந்த அழுக்கோடு புது அழுக்கும் சேர்ந்தது. நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கழுவும் தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். சாயமும் இறங்கும், உமியிலுள்ள சிலிக்கா என்ற மணல் பொருளும் கொஞ்சம் கரையும், பிடிக்கும் சக்தியும் கூடும். அப்புறம் பிவிசி குழாயில் அடைத்து, தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் அது ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும், பாதி உமி நனையாமலே கிடக்கும்.

செம்புக்கும் ஈயத்துக்கும் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 அளவில் இருக்கட்டும். புளிப்பு அதிகமானால் உலோகம் உட்கார வேண்டிய இடத்தை அமிலமே பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ உமி பிடிப்பது சில கிராம் உலோகம்தான். அதனால் முலாம் பூசும் தொட்டியின் ரசாயனத் தண்ணீரை இதில் விடாதீர்கள், கடைசி அலசல் தண்ணீருக்கு மட்டும் வையுங்கள்.

குரோம் தண்ணீருக்கும் இதே முறையா?

இல்லை. மஞ்சளாக இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், செம்புக்கும் ஈயத்துக்கும் நேர்மாறாக, எதிர்மின்னேற்றம் கொண்டது. அதற்கு பி.எச். 2 பக்கம் வேண்டும். அந்தப் புளிப்பில் உமி அதை இழுத்துப் பிடிக்கும், ஒரு பகுதியை நச்சு குறைந்த மூன்று இணைதிறனாகவும் மாற்றும். பிறகு சுண்ணாம்பு சேர்த்து பி.எச்.சை 8க்கு மேல் கொண்டுவந்தால் பச்சை வண்டலாகப் படியும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சயனைடு கலந்த முலாம் தொட்டி இருக்கும் பட்டறையில் அந்தத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேரவே கூடாது. சேர்ந்தால் கிளம்பும் வாயு அங்கேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஐயா, நாங்கள் அமரபுராவில் பட்டுக்குச் சாயம் போடுகிறோம். சாயத் தண்ணீரை மூடிய தொட்டியில் சாணியோடு விட்டு வைத்தோம், நிறம் போய்விட்டது. இனி வெளியே விடலாமா?

வேண்டாம் அம்மா. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா, அசோ என்ற செயற்கைச் சாய வகையின் நடுப் பிணைப்பை உடைக்கும், அதனால்தான் நிறம் போகிறது. ஆனால் உடைந்த துண்டுகள் அரோமேடிக் அமீன்கள் என்ற ரசாயனங்கள். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. தண்ணீர் தெளிவாக இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். காற்று ஊதும் இரண்டாவது தொட்டி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், அந்த அமீன்களைச் சிதைப்பதற்கு.

ஆகாயத் தாமரை உலோகத்தை உறிஞ்சுமாமே? அறுத்து மாட்டுக்குப் போடலாமா?

உறிஞ்சும். அதனாலேயே போடக்கூடாது. தோட்டத்துக்கு உரமாகவும் வேண்டாம்.

டெல்டா பக்கம் எங்கள் கிணற்றில் ஆர்செனிக் என்றார்கள். உமி உதவுமா?

வெறும் உமி போதாது. இரும்பு ஆக்சைடு பூசினால்தான் ஆர்செனிக்கைப் பிடிக்கும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதை நாக்கோ கண்ணோ காட்டாது, பரிசோதனைதான் காட்டும். முடிவு வரும்வரை மழைநீரைப் பிடித்துக் குடியுங்கள்.

உமியில் உலோகம் நிறைந்த பிறகு என்ன செய்வது?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒரு பட்டறையில் குழாயெல்லாம் அழகாக வேலை செய்தது. மறு மாதம் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். உமி அடுப்பில் நெருப்பின் நுனி பச்சையாக எரிந்தது. செம்பு! பட்டறைப் பையன்கள் பழைய உமியை வீசைக் கணக்கில் கடைக்கு விற்றிருக்கிறார்கள். அந்த அடுப்பில்தான் பால் காய்ந்துகொண்டிருந்தது. காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் புகையோடு வரும். மூன்று இணைதிறன் குரோமியம் கூட எரியும்போது திரும்ப ஆறாக மாறக்கூடும்.

அதனால் நிறைந்த உமியை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கழுவுங்கள். செம்பு நீலப் பச்சையாக இறங்கிவிடும், சேர்த்து வைத்தால் மீட்டெடுக்கலாம். உமியையும் சில தடவை திரும்பப் பயன்படுத்தலாம். ஓய்ந்ததும் காயவைத்து, மூடி போட்ட டிரம்மில், மழை படாத இடத்தில் வையுங்கள். யாங்கோனுக்குப் பக்கத்தில் திலாவாவில் தொழிற்சாலை நச்சுக் கழிவைக் கையாளும் நிலையம் இருக்கிறது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து அனுப்பினால் வண்டிச் செலவு தாங்கும். டிரம்மின் மேல் ‘விஷம், எரிக்காதே’ என்று பர்மிய மொழியில் பெரிதாக எழுதுங்கள். தூக்கிப் போடும் பையன்கள் படிப்பது அதைத்தான்.